காலை நேரத்து ஜாம்

ரொட்டியில் தடவுவது ஜாம். கிள்ளானுக்குப் போகிற நெடுஞ்சாலையில் காலையும் மாலையும் நாம் நிற்பது ஜாம். கணினி திடீரென்று கல்லாய்ச் சமைந்து, மவுஸை எப்படி உருட்டினாலும் அசையாமல் கிடந்தால் அதுவும் ஜாம். எங்கள் ஊர்த் தமிழில் அந்தச் சொல்லுக்கு இவ்வளவுதான் பொருள் என்று ஐம்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். என் பிழைப்பே மூன்றாவது ஜாமில் ஓடியதால், எனக்கு அதைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற கர்வம் வேறு.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கிளினிக்குகளுக்கான ஒரு மென்பொருளை விற்கிறோம். எந்த நோயாளி எப்போது வரவேண்டும் என்று குறித்துக்கொண்டு, முதல் நாள் அவர் கைபேசிக்கு ஞாபகப்படுத்திச் செய்தி அனுப்பும். அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். அதை எழுதிய நண்பர் பெர்த்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அவர் எழுதியதை ஓடவைத்துக்கொண்டிருப்பது என் வேலை. அடுத்தவர் பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிற மாதிரி. பிள்ளை பரிசு வாங்கினால் யாரும் எனக்குச் சொல்ல மாட்டார்கள். வகுப்பில் யாரையாவது கடித்துவிட்டால் மட்டும் கூப்பிடுவார்கள்.

அந்த வருடம் அது ஒரு பல் டாக்டரைக் கடித்தது.

அந்த அம்மாவுக்கு நான்கு கிளினிக்குகள்: கிள்ளான், சுபாங் ஜெயா, பந்திங், ஸ்ரீ கெம்பாங்கான். நான்கு கவுன்டர்களுக்கும் ஒரே நாளில் வாங்கிய ஒரே மாதிரிக் கணினிகள். டாக்டர் பெரும்பாலும் கிள்ளானில் இருப்பார். என்னைவிடச் சில வயதே இளையவர். ஆனாலும் முதல் சந்திப்பிலேயே என்னை 'அங்கிள்' ஆக்கிவிட்டார். பல் விஷயத்தில் அவர் சொன்னால் எதிர்த்துப் பேச முடியாது. வயது விஷயத்திலும் அப்படியே விட்டுவிட்டேன்.

"அங்கிள், உங்க சாஃப்ட்வேர் ஜாம் ஆவுது," என்றார் போனில்.

"எப்ப டாக்டர்?"

"காலைல. டெய்லி இல்ல, சில நாள். அப்படியே கல்லு மாதிரி நிக்கும். ரீஸ்டார்ட் பண்ணா அப்புறம் நாள் முழுக்க நல்லா ஓடுது."

'சில நாள்' என்பது என் தொழிலில் கேட்கக்கூடாத சொல். எப்போதும் கெட்டிருப்பதைச் சரிசெய்துவிடலாம். எப்போதாவது கெடுவது, நாம் போய் நிற்கும்போது நல்ல பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொள்ளும். கிளினிக் வாசலை மிதித்ததும் மறைந்துபோகிற பல்வலி மாதிரி என்று டாக்டரிடம் விளக்கினேன். நல்ல உவமை என்று எனக்குத் தோன்றியது. அவர் சிரிக்கவில்லை.

கிள்ளானுக்குப் போனேன். அங்கே கவுன்டரில் இருப்பவர் ஓர் அக்கா. ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கக் குடும்பம். குரலும் அந்த வழிதான். பிளாட்பாரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கேட்கும். ஊசிக்குப் பயப்படுகிறவர் யார், புதுப்பல் கட்டியதை வீட்டுக்காரரிடம் சொல்லாமல் இருப்பவர் யார், எல்லாம் அவருக்கு மனப்பாடம். கணினித் திரையின் வலது கீழ் மூலையில் விரலளவு மாதா படம் ஒன்றை ஒட்டிவைத்திருந்தார். மாதா இல்லாமல் எந்த மிசினிலும் கை வைக்கமாட்டார்.

நான் போய் உட்கார்ந்த காலையில் கணினி தேனாக ஓடியது.

"பாத்தீங்களா தம்பி," என்றார் அக்கா, "நீங்க வந்தா மட்டும் வாயப் பொத்திக்குது. உங்களயும் கவுன்டர்ல ஒட்டிவெச்சிரலாமா, மாதாவுக்குப் பக்கத்துல?"

பெஞ்சில் வீங்கிய கன்னங்களோடு உட்கார்ந்திருந்தவர்கள் சிரிக்க முயன்று வலியில் முகம் சுளித்தார்கள். நான் என் தொழிலின் சடங்குகளை ஒவ்வொன்றாகச் செய்தேன். வைரஸ் இருக்கிறதா என்று தேடினேன். விசிறியில் படிந்த தூசியை ஊதினேன். வயர்களைப் பிடுங்கிச் செருகினேன். மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினேன். இவற்றில் எது எதற்கு என்று என்னைக் கேட்கக் கூடாது. மந்திரம் சொல்கிறவரிடம் பொருள் கேட்பதில்லை அல்லவா? 'இனி வராது டாக்டர்' என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாரமே வந்தது.

மற்றக் கிளினிக்குகளையும் விசாரித்தேன். குழப்பம் அங்கேதான் குடும்பத்தோடு வந்து இறங்கியது. சுபாங் ஜெயாவில் ஒரு நாளும் ஜாம் ஆனதில்லை. ஸ்ரீ கெம்பாங்கானில் ஜாம் ஆகாது. அதற்குப் பதில் மென்பொருள் படக்கென்று தானாக மூடிக்கொள்ளும். பந்திங் கவுன்டரில் இருப்பவர் ஒரு மலாய்க்கார அம்மா. எல்லோரும் அவரைக் 'காக்' என்பார்கள், மலாயில் அக்கா என்று அர்த்தம். அவரை போனில் பிடித்தேன்.

"காக், அங்க மிசின் ஜாம் ஆவுதா?" என்று மலாயில் கேட்டேன்.

"பாகி-பாகி ஜாம் லாரி, பாங்," என்றார். "லெப்பாஸ் து ஓகே."

பாங் என்றால் அண்ணன். பாகி என்றால் காலை. லாரி என்றால் மலாயில் ஓடுவது. நாம் மண் ஏற்றுகிற லோரி அல்ல. காலையில் ஜாம் ஆகும், பிறகு ஓடும், அதன் பின் எல்லாம் ஓகே. பள்ளிக்கூடத்தில் மலாய்ப் பாடத்தில் முதல் மாணவன் நான். இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு துல்லியமாக யாரும் என்னிடம் முறையிட்டதில்லை என்று மகிழ்ந்து, பந்திங்கையும் ஜாம் ஆகும் இடங்களோடு சேர்த்துக்கொண்டேன்.

ஒரே கணினி, ஒரே மென்பொருள். ஓரிடத்தில் உறைகிறது, ஓரிடத்தில் விழுகிறது, ஓரிடத்தில் உறைந்து ஓடுகிறது, ஓரிடத்தில் ஒன்றுமே இல்லை. சின்ன வயதிலிருந்து துப்பறியும் நாவல்களைத் தின்று வளர்ந்தவன் நான். அவற்றில் கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்து ஒருவர் விளக்குவார். என்னிடம் கூடமும் ஆட்களும் இருந்தார்கள். விளக்குவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

இந்த வெற்றிடத்தில் டாக்டர் ஒரு விளக்கத்தோடு வந்தார்.

"அங்கிள், என் ரூம்ல லேப்டாப் இருக்கு. அதே சாஃப்ட்வேர். ஒரு நாளும் ஜாம் ஆனதில்ல. வெளிய அக்கா கைல மட்டும் ஆவுது." குரலைத் தாழ்த்தினார். "எனக்கே சொல்ல ஒரு மாதிரியா இருக்கு. சில பேருக்கு மிசின்ல கைராசி இருக்காது, இல்ல?"

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அந்தக் கிளினிக்கே கைராசியில்தான் நிற்கிறது. "வலிக்காம புடுங்குவாங்க, கைராசியான டாக்டரு" என்று சொல்லித்தான் காப்பாரிலிருந்தும் மேருவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பல் பிடுங்குகிற கைக்கு ராசி உண்டென்றால் பட்டன் தட்டுகிற கைக்கு ஏன் இருக்கக் கூடாது? தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஓட்டையை அடைப்பதுதான் அவர் தொழிலும்.

படித்தவர் ஆகையால் சோதனை செய்து பார்த்துவிடுவோம் என்றார். அக்காவை ஒரு வாரம் சுபாங் ஜெயாவுக்கு அனுப்பினார். அங்கே கவுன்டரில் இருந்தவரைக் கிள்ளானுக்கு வரவழைத்தார். அக்கா மாதா படத்தைப் பக்குவமாக உரித்தெடுத்து, சுபாங் ஜெயாத் திரையில் அதே மூலையில் ஒட்டிக்கொண்டார்.

நான் மனதார வேண்டிக்கொண்டேன்: கிள்ளானிலேயே ஜாம் ஆகட்டும். மிசினில் கோளாறு என்று முடித்துவிடலாம்.

முதல் நாள் கிள்ளானில் ஜாம் ஆனது. எனக்கு உயிர் வந்தது. அன்று சுபாங் ஜெயாவில் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் கிள்ளான் சுத்தமாகிவிட்டது. சுபாங் ஜெயா ஜாம் ஆனது, அது வாங்கப்பட்ட நாளிலிருந்து முதல் முறையாக. அதன் பிறகு வாரம் முழுக்க, ஜாம் ஆனபோதெல்லாம் அது அக்கா இருந்த இடத்தில்தான். அந்த முதல் நாள் மட்டும் ஏன் தலைகீழாக இருந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும். 'புது ஆள், பழகும் வரை அப்படித்தான்' என்று ஒதுக்கிவிட்டேன். கணினிக்கு ஆள் புதிதா பழசா என்று எப்படித் தெரியும் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் டாக்டர். வருத்தமாகத்தான் சொன்னார்.

காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். இங்கே காக்காயைத் தூக்கி வேறு மரத்தில் வைத்தால் அந்த மரத்திலும் பழம் விழுகிறது. அறிவியல் முறைப்படி பார்த்தால் இடம் மாறியவை இரண்டு: அக்காவும் மாதாவும். மாதாவையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும். எனக்குத் தைரியம் வரவில்லை. இந்து வீட்டில் பிறந்தவன் கத்தோலிக்க மாதாவைச் சந்தேகித்தான் என்ற பேச்சு கிள்ளானில் பரவுவதற்குக் கொஞ்ச நேரம்தான் ஆகும்.

டாக்டர் முடிவு சொன்னார். மாதக் கடைசிக்குள் சரியாகவில்லை என்றால் அக்காவைக் கவுன்டரிலிருந்து எடுத்து, பின்னால் கருவிகளைக் கழுவிக் கொதிக்கவைக்கிற அறைக்கு மாற்றிவிடுவார். சம்பளத்தில் ஒரு காசு குறையாது. நல்ல மனசுக்காரர், அதையும் சொன்னார்.

அன்று மதியம் நான் போனபோது அக்கா கவுன்டருக்குப் பின்னால் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் ஆள் இல்லை.

"அந்த ரூமுக்குப் போனா நான் யார்கிட்டத் தம்பி பேசுறது? இடுக்கிகிட்டயா?"

"இன்னும் முடிவாகலக்கா."

"சம்பளம் குறையாதுன்னு சொன்னாங்க. நான் சம்பளத்தயா கேட்டேன்?" டப்பாவை மூடினார். "எங்க லைன் வீடுங்கள்ல எல்லாரும் தீபாவளிக்கு முறுக்கு சுடுவாங்க. எண்ணெய் காஞ்சதும் மொதல் முறுக்கு போட என்னத்தான் கூப்பிடுவாங்க. நான் வேதக்காரி, இருந்தாலும் கூப்பிடுவாங்க. என் கை பட்டா உடையாதாம், எண்ணெய் குடிக்காதாம். அந்த ஆன்டிங்க எல்லாம் இங்கதான் பல்லு காட்ட வர்றாங்க. கைராசி இல்லாதவன்னு டாக்டரே பின்னால தள்ளிட்டாங்கன்னா இந்த வருசம் யாரு கூப்பிடுவா?"

"பாத்துக்கலாம்க்கா," என்றேன். அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

கிள்ளான் கணினியைக் காரில் போட்டுக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தேன். வந்ததும் வயர்களைச் செருகித் திறந்துவிட்டு, கீழே போய்த் தே தாரிக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஒரு வாரம் அதன் எதிரிலேயே இருந்தேன். அது அக்காவின் கையில் செய்ததை என் கையில் செய்ய மறுத்தது. பொய் நோயாளிகளை உண்டாக்கினேன், அவர்களுக்குப் பொய்ப் பல்வலி கொடுத்தேன், நூற்றுக்கணக்கில் வரவழைத்தேன். ஜாம் ஆகவே இல்லை. வீட்டில் சாப்பிடும்போது தட்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல. "என்ன, ஜாமா?" என்றாள் மனைவி. "ரீஸ்டார்ட் பண்ணவா?" தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டதால் அவசரமாகச் சாப்பிட்டேன்.

கணினியைத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் காலையே அக்கா கையில் ஜாம். அன்று எனக்கே கைராசியில் முக்கால்வாசி நம்பிக்கை வந்துவிட்டது. மீதிக் கால்வாசி அவநம்பிக்கையும் சம்பளம் வாங்குகிற காரணத்தால்தான் நின்றது.

வேறு வழி தெரியாமல், மாதக் கடைசிக்குச் சில நாள் இருக்கும்போது, பந்திங்குக்குக் காலையிலேயே போனேன். போனில் கேட்டதைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது காக் அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தார். விளக்கைப் போட்டார். சுவரில் கணினியின் சுவிட்சைப் போட்டார். பிறகு எனக்கும் தமக்கும் தேநீர் கலக்கப் போய்விட்டார். அவசரமே இல்லாத அம்மா.

தேநீரோடு வந்ததும், "மிசின் எப்ப ஜாம் ஆகும் காக்?" என்றேன் மலாயில்.

அவர் புரியாமல் பார்த்தார். "ஜெம்? ஜெம் தாக் அடா, பாங்." ஜாம் எல்லாம் ஆவதில்லையே என்றார்.

"போன்ல ஜாம் ஆகும், அப்புறம் ஓடும்னு சொன்னீங்களே?"

"ஜெம் இல்ல, பாங். *ஜாம்*." இந்த முறை காது கேளாதவரிடம் சொல்வது போல இழுத்துச் சொல்லி, திரையின் வலது கீழ் மூலையில் விரலை வைத்தார். "ஜாம் லாரி."

அங்கே கடிகாரம் இருந்தது.

மலாயில் ஜாம் என்றால் கடிகாரம். முதல் வகுப்பில் கற்றுக்கொடுக்கிற சொல். கடிகாரம் தப்பாக ஓடினால் 'ஜாம் லாரி' என்பார்கள். வண்டி நெரிசலையும் மிசின் உறைவதையும் அவர்கள் 'ஜெம்' என்பார்கள். நம் தமிழ் நாக்கு இரண்டையும் ஜாம் என்றே சொல்லும். தமிழ்க் காது இரண்டையும் ஜாம் என்றே கேட்கும். அந்த அம்மா என்னிடம் சொன்னது 'காலையில் கடிகாரம் தப்பாகக் காட்டுகிறது, அப்புறம் சரியாகிவிடுகிறது' என்பதுதான். மலாய்ப் பாடத்தின் முதல் மாணவன் அதை உறைந்து ஓடும் கணினியாக மொழிபெயர்த்திருக்கிறான்.

குனிந்து பார்த்தேன். பல வருடம் பழைய தேதி. என் தலையில் முடி இருந்த காலம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு சிமிட்டலில் இன்றைய தேதிக்குத் தாவியது.

"தினமும் இப்படியா காக்?"

"தினமும்தான். சாயங்காலம் போறப்ப சுவிட்ச அடைச்சிட்டுப் போவேன், இடிக்குப் பயந்து. காலைல ஜாம் லாரி. தே குடிச்சிட்டு வந்தா சரியாயிடும். அதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

இடி. இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் ஆனால் வானம் கருத்து, மின்னல் ஒயர் வழியாக வீட்டுக்குள் வந்து டிவியைத் தின்றுவிட்டுப் போகும் என்பது எந்த இனத்தாருக்கும் தெரிந்த விஷயம். கவனமானவர்கள் சுவிட்சை அடைத்துவிட்டு, அதாவது அணைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். அடைக்காதவர்கள் அடைக்காதவர்கள்தான்.

"காக், இன்னொரு தரம் அடைச்சுத் தொறக்கட்டுமா? தே குடிக்காம?"

அடைத்துத் திறந்தேன். கணினி விழித்ததும், கடிகாரம் தாவுவதற்கு முன், மென்பொருளைத் திறந்தேன். காத்திருந்தேன். கடிகாரம் தாவியது. திரை கல்லாய் உறைந்தது. என் தொழில் வாழ்க்கையில் ஒரு கணினி கெட்டுப்போனதற்காக நான் கைதட்டியது அன்றுதான். ஆனால் ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. காக் தேநீர்க் கோப்பையை என் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தி வைத்தார்.

உடனே கிள்ளானுக்கு ஓட்டினேன். ஊர் எல்லையில் இரண்டாவது வகை ஜாம். அதில் நின்றபடிதான் மீதி விளங்கியது.

ஒவ்வொரு கணினிக்குள்ளும் பொட்டு அளவில் ஒரு பேட்டரி உண்டு. சுவரில் சுவிட்சை அடைத்த பிறகும் உள்ளே கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். ஒரே நாளில் வாங்கிய நான்கிலும் அது சேர்ந்தே செத்திருக்க வேண்டும். சுவிட்சை அடைக்காதவரை அது செத்தது தெரியாது. அடைத்துத் திறந்தால் கணினி தன் இளமைக் காலத்தில் கண்விழிக்கும். இணையம் கிடைத்ததும் தேதி கேட்டுத் தெரிந்துகொண்டு தாவும். அதற்குள் எங்கள் மென்பொருள் திறந்திருந்தால் தொலைந்தது. யாருக்கு ஞாபகச் செய்தி அனுப்ப வேண்டும் என்று அது நிமிடத்துக்கு ஒரு தரம் பார்க்கும். நடுவில் இத்தனை வருடங்களைத் தான் தூங்கிக் கழித்துவிட்டதாக நினைத்து, விட்டுப்போன நிமிடங்களை ஒன்று விடாமல் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்துவிடும். பெர்த் நண்பர் அதை அவ்வளவு பொறுப்பான பிள்ளையாக வளர்த்திருந்தார். ஸ்ரீ கெம்பாங்கான் கணினியில் நினைவகத்தின் ஒரு துண்டு முன்பே கெட்டுக் கழற்றப்பட்டிருந்தது. அங்கேயும் அடைத்துவிட்டுத்தான் போவார்கள்; அதே பொறுப்பு அங்கே இடம் போதாமல் மூச்சு முட்டிச் செத்து விழுந்தது.

சுபாங் ஜெயாக்காரர் எதையும் அடைப்பதில்லை. திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போவார். அங்கே அவருக்கு ஒரு நாளும் ஜாம் இல்லை. அக்கா முதல் நாள் சாயங்காலம் அடைத்துவிட்டுப் போன கிள்ளான் மிசினில்தான் அவருக்கு அந்த ஒரே ஒரு முதல் நாள் ஜாம். டாக்டரின் லேப்டாப்புக்குச் சொந்த பேட்டரி. காக் அடைப்பார், ஆனால் தேநீர் குடித்துவிட்டு வந்துதான் மென்பொருளைத் திறப்பார். நானும் பிரிக்பீல்ட்ஸில் தேநீர் குடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன், அதன் பிறகு அடைக்கவே இல்லை. அக்காவோ சுவிட்சை ஒழுங்காக அடைத்துவிட்டுப் போய், காலையில் பெஞ்சில் வலியோடு காத்திருப்பவர்களுக்காக, கணினி கண் திறந்த கணத்திலேயே வேலையை ஆரம்பிப்பவர். சில நாள் இணையம் முந்திக்கொள்ளும், அன்று தப்பித்தார். மற்ற நாளெல்லாம் மாட்டினார்.

சோம்பேறிகளை விட்டுவிட்டு, கவனமானவர்களைத் தேடிப் பிடிக்கிற பிழை. இப்படி ஒன்றை வேண்டுமென்றே எழுதச் சொன்னால் யாராலும் முடியாது.

கிள்ளான் கவுன்டரில் போய் நின்றேன். கடிகாரத்தை இத்தனை நாள் நான் ஏன் பார்க்கவில்லை? வலது கீழ் மூலையில் மாதா இருந்தார்.

"அக்கா, கோவிச்சிக்காதீங்க. இந்தப் படத்தக் கொஞ்சம் தூக்கிப் பாக்கணும்."

"கைய கழுவிட்டு வாங்க."

கழுவிவிட்டு வந்து ஓரத்தைத் தூக்கினேன். பிற்பகல் ஆகிவிட்டதால் கடிகாரம் சரியான நேரத்தைத்தான் காட்டியது. மாதா ஒன்றும் தெரியாதவர் போல் இருந்தார்.

டாக்டரின் அறைக் கதவைத் தட்டும்வரை எனக்கு ஒரே சந்தோஷம். தட்டிய பிறகுதான் உறைத்தது. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? அக்கா சுவிட்சை அடைப்பதால்தான் ஜாம் ஆகிறது. அதாவது அக்காவால்தான். டாக்டர் முதல் நாளே அதைத்தானே சொன்னார்?

சொன்னேன். கடிகாரம், பேட்டரி, விட்டுப்போன நிமிடங்கள், எல்லாம். அவர் கவனமாகக் கேட்டார்.

"அப்ப அக்கா கைதான் காரணம்?"

"கை காரணம்தான் டாக்டர். ராசி இல்ல."

"புரியல அங்கிள்."

"சுவிட்ச அடைக்கிற கை. அடைச்சிட்டுக் காலைல ஒடனே வேலைய ஆரம்பிக்கிறவங்களுக்கு வருது, அடைக்காதவங்களுக்கு வரல."

"அப்ப சிம்பிள் லா. இனிமே அடைக்க வேணாம்னு அக்காகிட்ட சொல்லிடுறேன். கேக்கலன்னா பின்னால மாத்திடுறேன்."

எல்லாம் சரியாகச் சொல்லி, அக்காவை நானே பின்னறைக்குத் தள்ளிவிட்டேன் என்று புரிந்தது.

அப்போது வெளியே இடித்தது. அந்த நேரத்தில் அது வழக்கம்தான். நான் வரவழைத்ததாக நினைக்க வேண்டாம். ஜன்னல் அதிர்ந்தது. டாக்டர் பேச்சை நிறுத்தாமலே எழுந்து, மேசைக்கு அடியில் குனிந்து, லேப்டாப் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். பிடுங்கிய வயரோடு நிமிர்ந்தார். அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

வெளியே அக்காவின் குரல் கதவைத் துளைத்துக்கொண்டு வந்தது: "டாக்டர்! இடி! உங்க வயர புடுங்கிட்டீங்களா?"

"புடுங்கிட்டேன்க்கா," என்றார் டாக்டர்.

கொஞ்ச நேரம் வயரைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"சரி அங்கிள். பேட்டரிய மாத்துங்க. அக்கா அங்கயே இருக்கட்டும்."

நான்கு இடத்திலும் பேட்டரியை மாற்றினேன். கடிகாரம் தாவினால் பழைய நிமிடங்களை மறந்துவிட்டு இன்றையதை மட்டும் பார் என்று மென்பொருளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். பொறுப்பைக் குறைத்ததும் பிள்ளை நன்றாக நடந்துகொண்டது. அதன் பிறகு எங்கும் ஜாம் இல்லை. எனக்குத்தான் இன்னும் ஒரு குழப்பம் தீரவில்லை. கைராசி பொய் என்று நிரூபித்துவிட்டதாக நினைத்தேன். சில வாரம் கழித்து டாக்டர் கூப்பிட்டார். ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் புதுக் கணினி வாங்குகிறாராம்.

"நீங்க வந்து மொதல்ல தொறந்து குடுங்க அங்கிள். உங்க கைராசி நல்லாருக்கு."

போனேன். என்ன செய்வது?

அடுத்து தீபாவளிக்கு முந்திய வாரம் போன் வந்தது. கிள்ளான் கவுன்டர். பின்னால் பெஞ்ச் முழுக்கப் பேச்சுச் சத்தம்.

"தம்பி, முறுக்கு எடுத்து வெச்சிருக்கேன், வந்து வாங்கிக்குங்க. மொதல் ஈடு, நான் போட்டது. ஒண்ணு கூட உடையல, எங்க லைன்ல கேட்டுப் பாருங்க." குரலைத் தாழ்த்தினார், அவரால் முடிந்த அளவு. "அப்புறம் தம்பி, கடிகாரம் தெரியணும்னு சொன்னீங்கல்ல, மாதாவ இந்தப் பக்கம், கீழ எடது மூலைக்கு மாத்தி ஒட்டிட்டேன். இப்ப திரைல மிசின அடைக்கிற அந்தப் பட்டனக் காணோம். வர்றப்ப அதயும் தேடிக் குடுத்துட்டுப் போங்க."